மூக்கைத் திருத்தும் ஊசியும் நமது கடமையும்

(தில்லியில் பணிபுரியும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விலைவாசி உயர்வு, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என எத்தனையோ பொருள்கள் காத்திருக்கும்போது மூக்கைப் பற்றிப் பேச ஒரு வகுப்பா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தத் தலைப்பை வற்புறுத்திக் கேட்டவர்கள் நமது இளந்தோழர்கள். உடன் வேலை செய்யும் பெண்களும் அண்டை வீட்டு மாணவர்களும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “கத்தி வைக்காமல் ஊசியிலேயே மூக்கைச் சரிசெய்கிறார்களாமே, போட்டுக்கொள்ளலாமா?” இந்தக் கேள்விக்கு நம்மில் ஒருவர் சிரித்திருக்கிறார். இன்னொருவர், “இதெல்லாம் முதலாளித்துவ மோகம்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். கேட்டவர்கள் மறுபடி நம்மிடம் வரவில்லை. கிளினிக்குக்குப் போய்க் கேட்டுக்கொண்டார்கள். அங்கே பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்குச் சம்பளமே அந்தப் பதிலுக்காகத்தான்.

எனவே இன்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஊசி என்ன செய்கிறது, என்ன தீங்கு விளைவிக்கக்கூடும் என்பது முதலாவது. ஒரு மூக்கு “சரியில்லை” என்று தீர்ப்பளித்தது யார் என்பது இரண்டாவது. இதில் அரசின் பொறுப்பும் நமது வேலையும் என்ன என்பது மூன்றாவது.

ஊசி செய்வது என்ன?

ஃபில்லர் என்று சொல்லப்படுவது தோலுக்கு அடியில் செலுத்தப்படும் கூழ் போன்ற ஒரு பொருள். பெரும்பாலும் அது ஹையலூரானிக் அமிலம். நமது தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான் அது. உடலுக்குள் விரைவில் கரைந்துவிடாதபடி வேதிமுறையில் பிணைத்துக் கெட்டியாக்கி, ஊசிக்குழலில் அடைத்து விற்கிறார்கள். மூக்குத்தண்டில் மேடு இருந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள பள்ளத்தை நிரப்பி மேட்டை மறைப்பது, சப்பையான தண்டை உயர்த்திக் காட்டுவது, தாழ்ந்த நுனியைச் சற்றுத் தூக்குவது ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதில்லை. பலர் அன்றே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். விளம்பரம் இதுவரை சொல்வது உண்மை.

விளம்பரம் சொல்லாதவை சில உண்டு. இந்த ஊசியால் மூக்கில் எதையும் குறைக்க முடியாது, கூட்டத்தான் முடியும். மேடு மறைந்து மூக்கு நேராகத் தெரியலாம், ஆனால் மூக்கின் மொத்த அளவு சிறிதாவது கூடியே இருக்கும். அகன்ற நாசித்துவாரம் இதனால் குறுகாது. மூச்சுத் தடை இருந்தால் அதற்கும் இது மருந்தல்ல. செலுத்திய பொருளை உடல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு அதற்கும் சற்று மேல். பிறகு மீண்டும் ஊசி, மீண்டும் கட்டணம். பெருநகரங்களில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்குத் தவணைத் திட்டமும் வைத்திருக்கிறார்கள். வாடகை வீட்டைப் போல, மூக்கின் வடிவத்துக்கும் ஆண்டுதோறும் வாடகை கட்டவேண்டும் என்பதே இந்த வணிகத்தின் அடிப்படை.

கண்ணுக்கு வரும் ஆபத்து

சாதாரணமாக வீக்கமும் கன்றிப்போதலும் வலியும் இருக்கும். சில நாட்களில் சரியாகிவிடும். சிலருக்குத் தொற்று ஏற்படலாம், கட்டி தோன்றலாம். ஆனால் மூக்குக்கென்றே உரிய ஒரு பேராபத்து உண்டு. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூக்கின் மேல் ஓடும் நுண்ணிய தமனிகள் கண்ணுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியோடு இணைந்துள்ளன. கண்ணின் தமனியோ மூளைக்குச் செல்லும் பெருந்தமனியிலிருந்து கிளைப்பது. ஊசிமுனை தவறுதலாக மூக்கின் தமனிக்குள் நுழைந்து, அழுத்தத்தோடு கூழ் செலுத்தப்பட்டால், அது இரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தள்ளப்பட்டுக் கண் தமனியை எட்டிவிடலாம். அழுத்தம் நின்றதும் இரத்த ஓட்டம் அந்தக் கூழை விழித்திரைக்குக் கொண்டு சேர்க்கும். விழித்திரை இரத்தமின்றி நெடுநேரம் தாங்காது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டம் மீளாவிட்டால் பார்வை நிலையாகப் போய்விடக்கூடும். சிலருக்குப் பக்கவாதமும் வந்திருக்கிறது. தமனி மூக்கிலேயே அடைபட்டால் நுனித்தோல் கறுத்து அழுகும். முன்பே மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இப்படி நேர்வது அரிது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மிகைப்படுத்திப் பயமுறுத்தினால் நம் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஃபில்லர் ஊசியால் பார்வை இழந்தவர்களைப் பற்றிய மருத்துவ ஏடுகளின் பதிவுகளில், மூக்கும் புருவங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் முன்வரிசையில் நிற்கின்றன. கன்னத்துக்கும் உதட்டுக்கும் இந்தப் பொருளை அனுமதித்துள்ள அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதிப் பட்டியலில் மூக்கு இடம்பெறவில்லை. அங்கேயும் மருத்துவர்கள் தம் பொறுப்பில்தான் மூக்குக்குப் போடுகிறார்கள்.

ஹையலூரானிக் அமில ஃபில்லருக்கு ஒரு மாற்று உண்டு. ஹையலூரானிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தினால் அது கரையும். தமனி அடைபட்ட அறிகுறி தெரிந்த உடனே அதைத் தாராளமாகச் செலுத்தித் தோலைக் காப்பாற்றலாம். பார்வையை மீட்பது அப்போதும் உறுதியில்லை. சிலிக்கோன் போன்ற வேறு பொருளைச் செலுத்தியிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே ஊசி போடும் இடத்தில் அந்த நொதி கைவசம் இருக்கிறதா, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது உயிர்நாடியான கேள்வி. அழகு நிலையத்தின் பின்னறையிலும், யாருடைய வீட்டுக் கூடத்திலும், மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழின் பலத்தில் ஊசி பிடிக்கும் இடங்களில் இதற்கு விடை என்னவாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அறுவையில்லாத மூக்குத் திருத்தம் புதிய கண்டுபிடிப்பு என்பதும் சரியல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் பாரஃபின் மெழுகை உருக்கி மூக்குத்தண்டில் செலுத்தினார்கள். சில ஆண்டுகள் அது அற்புதம் எனப் போற்றப்பட்டது. பிறகு மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிகளாயிற்று, சிலரின் கண்ணைப் பறித்தது. இன்றைய பொருள் அதைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் மூக்கின் தமனி அன்றிருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது.

புனே தந்த மூக்கு

மூக்கைச் சீரமைக்கும் மருத்துவத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கன்னத்துத் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கை ஒட்டும் முறை சுசுருத சம்ஹிதையில் விவரிக்கப்பட்டுள்ளது. மூக்கறுப்பது தண்டனையாக இருந்த சமுதாயத்தில் அந்தத் தேவை எழுந்தது. அவமானத்தைக் குறிக்க இன்றும் “மூக்கறுபட்டான்” என்கிறோம்.

1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு மூக்கும் ஒரு கையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புனேயில் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழிறக்கி ஒரு புதிய மூக்கைச் செய்து கொடுத்தார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர். அந்த வேலையைப் பற்றிய குறிப்பு 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்தோடு வெளிவந்தது. அதைக் கண்டு ஆர்வம் கொண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். இன்றைய பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தின் வேர்களில் ஒன்று அந்தப் புனேத் தொழிலாளியின் கைவேலை. இழப்பைச் சந்தித்த இன்னொரு உழைப்பாளியின் முகத்தை மீட்டுக் கொடுத்த வேலை அது. கவாஸ்ஜியின் பெயர் வரலாற்றில் நின்றது. மூக்கைச் செய்தவரின் பெயரை அந்த இதழ் தரவில்லை.

அந்தத் தேவை இன்றும் தீர்ந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். காலந்தாழ்ந்து சிகிச்சை பெறுவோர் சிலருக்கு மூக்குத்தண்டு சரிந்துவிடுகிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்களுக்குத் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும், முகச் சீரமைப்பு அறுவையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட வேண்டியிருந்தது. தீக்காயம் பட்டவர்களும் பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைகளும் அரசு மருத்துவமனையில் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். அதே கல்வியும் அதே கைத்திறனும் சந்தையில் நல்ல மூக்கை இன்னும் நல்ல மூக்காக்க ஓடுகின்றன. எதற்குப் பணம் கிடைக்கிறதோ அதை நோக்கித் திறமை நகர்வது தனிப்பட்ட மருத்துவரின் பேராசை மட்டும் அல்ல; மருத்துவத்தைச் சரக்காக மாற்றிய கொள்கையின் விளைவு.

யார் வைத்த அளவுகோல்?

இனி இரண்டாவது செய்தி. பழுதில்லாத, நன்றாக மூச்சுவிடுகிற, மணமறிகிற ஒரு மூக்கைக் குறையுள்ள மூக்கு என்று ஒருவர் எண்ணுவது எப்படி?

அழகு பற்றிய எண்ணங்கள் எல்லாக் காலத்திலும் இருந்தன. எள்ளுப்பூவை மூக்குக்கு உவமை சொன்ன மரபு நம்முடையது. ஆனால் மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதரின் தகுதியை எண்ணால் வரிசைப்படுத்திய அறிவியல் போர்வை காலனியாட்சியோடு வந்தது. ஹெர்பர்ட் ஹோப் ரிஸ்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி 1880களில் வங்க மாகாணத்தில் தொடங்கி, பல்வேறு சாதியினரின், பழங்குடியினரின் முகங்களை இடுக்கிக் கருவியால் அளக்கச் செய்தார். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் கிடைப்பது நாசிக் குறியெண். அது 70க்குக் கீழே இருந்தால் கூர்மூக்கு, 85க்கு மேலே இருந்தால் சப்பை மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். இந்தக் கணக்கை வைத்து, மூக்கு அகல அகலச் சாதியின் சமூகத் தகுதி இறங்குகிறது என்று ரிஸ்லி வாதிட்டார். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையரும் அவரே. சாதிகளை உயர்வு தாழ்வுப்படி வரிசைப்படுத்தும் வேலையை அந்தக் கணக்கெடுப்பு மேற்கொண்டது. தெற்கே, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் இதே அளவைகளை எடுத்தார். 1909இல் வெளிவந்த அவரது ஏழு தொகுதிகளைப் புரட்டினால் சாதிப்பெயர்களுக்குக் கீழே மூக்கின் அளவுகள் நிற்பதைக் காணலாம்.

இந்த வாதம் நிலைக்கவில்லை. ரிஸ்லியின் வங்க அளவைகளில் இருந்த முரண்பாடுகளையும் பிழைகளையும் புள்ளியியல் அறிஞர் பி.சி.மகலனோபிஸ் 1933இல் எடுத்துக்காட்டினார். அதற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த தமது நூலில் ஜி.எஸ்.குர்யே, இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியை விட்டு வெளியே வந்தால் எந்த மொழிப் பகுதியிலும் மூக்கின் அளவும் சாதியின் படிநிலையும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் பற்றிய தமது நூலில் அந்த அளவைகளையே கையிலெடுத்து, இந்த அறிவியலை நம்புவதாகவே வைத்துக்கொண்டாலும் அது பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்றே நிறுவுகிறது என எதிராளியின் ஆயுதத்தை அவன் பக்கமே திருப்பினார். மூக்கின் அகலத்துக்கும் வெப்பநிலைக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை 2017இல் வெளியான மரபியல் ஆய்வு ஒன்று காட்டியது. குளிர்ந்த, வறண்ட காற்றைச் சூடேற்றி ஈரமாக்கி உள்ளே அனுப்பக் குறுகிய மூக்கு உதவுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் அந்தத் தேவையில்லை. முன்னோர் சுவாசித்த காற்றின் தடம் நம் மூக்கில் இருக்கிறது; அவர்களுடைய தகுதியின் தடம் அதில் இல்லை.

அறிவியலில் தோற்ற அளவுகோல் சமுதாயத்தில் தோற்கவில்லை என்பதே நமது கவலை. இடுக்கிக் கருவி போய்விட்டது; அதன் தீர்ப்பு திருமண விளம்பரத்திலும், திரைப்படத்தில் யாருக்கு நாயகி வேடம், யாருக்கு நகைச்சுவை வேடம் என்ற தேர்விலும் வாழ்கிறது. இந்தத் தில்லி மாநகரில் வடகிழக்கு மாநிலங்களின் இளைஞர்கள் கண்ணையும் மூக்கையும் சுட்டி இழிசொல் கேட்காத நாளில்லை. 2014 ஜனவரியில் லஜ்பத் நகரில் அருணாச்சலப் பிரதேச மாணவர் ஒருவர் தோற்றத்தைக் கேலி செய்ததில் எழுந்த தகராறில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகே பெஸ்பருவா குழு அமைக்கப்பட்டது. கிளினிக்குகளின் “முன்பு, பின்பு” படங்களைக் கூர்ந்து பாருங்கள். அகன்ற மூக்கு எப்போதும் இடப்பக்கம், குறுகிய மூக்கு வலப்பக்கம். ரிஸ்லியின் பட்டியல் எந்தத் திசையில் உயர்ந்ததோ, அதே திசையில்தான் இந்தப் படங்களும் “மேம்படுகின்றன”.

உற்பத்தி, பொருளை மட்டும் படைப்பதில்லை. அந்தப் பொருள் தேவைப்படும் மனிதரையும் சேர்த்தே படைக்கிறது என்ற கருத்தை மார்க்ஸ் 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளில் விளக்கியிருக்கிறார். நம் கண்முன்னே சான்று இருக்கிறது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி களிம்பு, கறுப்பு நிறத்தை வேலை கிடைக்காத நிறமாகவும் வரன் அமையாத நிறமாகவும் விளம்பரங்களில் காட்டிக் காட்டியே வளர்ந்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபோது, 2020இல் பெயரிலிருந்து ஒரு சொல்லை மாற்றினார்கள். களிம்பு உருவாக்கி வைத்த தாழ்வுணர்வு அப்படியே இருக்கிறது. அந்த நிலத்தில்தான் இப்போது ஊசி விதைக்கப்படுகிறது.

வேலைவாய்ப்பும் முகமும்

கேள்வி கேட்கும் பெண்ணை வெறும் ஏமாளி என்று நினைப்பதும் தவறு. அவள் தன் அனுபவத்திலிருந்து கணக்குப் போடுகிறாள். வரவேற்பு மேசை, விமான சேவை, விற்பனைக் கூடம், தொலைக்காட்சி என்று இன்று இளைஞர்களுக்குத் திறந்திருக்கும் வேலைகள் பலவற்றில் முகமும் தகுதிச் சான்றிதழ்தான். விமானப் பணிப்பெண் முதல்முறை கருவுற்றாலே பணிநீக்கம் என்ற விதி 1981இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டபோதுதான் ஒழிந்தது. அதே தீர்ப்பு மற்ற சில பாகுபாடுகளை அப்படியே விட்டுவைத்தது. “தோற்றப் பொலிவு” என்று வேலை விளம்பரத்தில் எழுதும் முதலாளியைக் கேட்க ஆளில்லாதபோது, அந்தப் பொலிவைத் தன் சம்பளத்திலிருந்தே வாங்கத் துணிகிற பெண்ணை மட்டும் கடிந்துகொள்வது எவ்வகையில் நியாயம்? அவள் செலவிடுவது ஆசைக்காக மட்டும் அன்று. வேலைச் சந்தை கேட்கும் கட்டணத்தைக் கட்டுகிறாள்.

ஊசி பிடிக்கும் கைகளையும் மறந்துவிடக் கூடாது. அழகுத் தொழிலின் அடித்தட்டில் நிற்பவர்கள் ஏழைப் பெண்கள். 2021 அக்டோபரில் குருகிராமில் செயலி நிறுவனம் ஒன்றின் வாசலில் நூற்றுக்கணக்கான அழகுக்கலைத் தொழிலாளிகள், கமிஷன் பிடித்தத்துக்கும் அபராதத்துக்கும் எதிராக அமர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். முதலாளி சொல்லி ஊசி போடும் பெண்ணும், போட்டுக்கொள்ளும் பெண்ணும் ஒரே வர்க்கத்தினர். விபத்து நேர்ந்தால் ஒருத்திக்குக் கண் போகும். மற்றொருத்தி சிறைக்குப் போவாள். லாபம் எடுத்தவர் மேல் எதுவும் படாது.

அரசு எங்கே?

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். அழகுக்கான சிகிச்சையையும் நோய்க்கான சிகிச்சையையும் பிரித்தறிய அரசுக்கு நன்றாகவே தெரியும். ஜிஎஸ்டி வந்த 2017 முதல், மருத்துவ சேவைக்கு உள்ள வரிவிலக்கு அழகுக்கான சிகிச்சைக்குக் கிடையாது. பிறவிக் குறையையோ விபத்தின் சிதைவையோ சீர்படுத்தும் அறுவைக்கு மட்டும் விலக்கு. ஆக, மூக்கு அழகாக்கப்படும்போது 18 சதவீதம் வசூலிக்க அரசு வாசலில் நிற்கிறது. ஊசி பிடித்தவரின் தகுதி என்ன, செலுத்திய பொருள் எது என்று பார்க்க மட்டும் வருவதில்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் மருந்தாகவே கருதப்படுகின்றன. 2010இல் நிறைவேறிய மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தையோ இன்றுவரை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உயரத்தைக் கூட்டுவது, மார்பின் வடிவத்தை மாற்றுவது ஆகியவை இடம்பெற்றுள்ளன. உடலமைப்பைப் பற்றிய தாழ்வுணர்வை விற்பது ஆபத்து என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் உணர்ந்திருந்தது. தோல் நிறத்தை வெளுப்பாக்குவதையும் அதில் சேர்க்கும் வரைவு 2020இல் வெளியிடப்பட்டது. மூக்கு அந்தப் பட்டியலில் இல்லை. கைப்பேசித் திரையில் நொடிக்கொரு விளம்பரம் ஓடுகிறது.

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முகத்தில் ஃபில்லர் ஊசி போடத் தகுதியுள்ளவர்கள் யார் என்று சட்டமே வரையறுத்து, பதிவு எண்ணோடு அவர்கள் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மாற்று நொதி இல்லாத இடத்தில் ஊசிக்கு அனுமதி கூடாது. பாதிப்புகளைப் புகார் செய்வதும் பதிவு செய்வதும் கட்டாயமாக வேண்டும். “முன்பு, பின்பு” விளம்பரங்களுக்கும், கூலி வாங்கிக்கொண்டு பரிந்துரைக்கும் பிரபலங்களுக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அபராதம் உண்மையாகவே விதிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் முகச் சீரமைப்புப் பிரிவு வேண்டும். அங்கே இடமில்லாததால்தான் திருநங்கைகள் பலர் போலி மருத்துவர்களின் ஊசிக்கு முகத்தைக் கொடுக்க நேர்கிறது.

கேட்பவருக்கு நாம் சொல்ல வேண்டியது

சட்டம் வரும்வரை கேள்வி காத்திருக்காது. நாளையே ஒருவர் கேட்பார். அவருக்கு என்ன சொல்வது?

“போடாதே” என்று கட்டளையிட நமக்கு உரிமையில்லை. உடல் அவருடையது, முடிவும் அவருடையது. முழுத் தகவலோடு அந்த முடிவை எடுக்க உதவுவது நமது கடமை. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்றுவழி ஆகிய அனைத்தையும் விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே அவர் கேட்கவேண்டிய கேள்விகளை நாம் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதலாவது, ஊசி போடப்போகிறவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா, அவரது பதிவு எண் என்ன? இரண்டாவது, செலுத்தப்போகும் பொருளின் பெயர் என்ன, உறை நம் கண்முன் பிரிக்கப்படுகிறதா, அதிலுள்ள எண்ணும் காலாவதி நாளும் ரசீதில் எழுதித் தரப்படுகின்றனவா? மூன்றாவது, ஹையலூரானிடேஸ் இங்கே இருக்கிறதா, பார்வை மங்கினால் எந்தக் கண் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டு போவீர்கள்? நான்காவது, கருவுற்றிருப்பவர், பாலூட்டுபவர், முகத்தில் தொற்று உள்ளவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர், முன்பு மூக்கில் அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கு என்ன சொல்கிறீர்கள்? இவற்றுக்கு எரிச்சலோடு விடை வருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். சலுகை விலை இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்தும்தான்.

போட்டுக்கொண்டவருக்கும் ஓர் எச்சரிக்கை. ஊசி ஏறும்போதோ அதன்பிறகோ கடும் வலி எடுத்தாலும், தோல் வெளுத்துப்போனாலும், வலைபோல் நீலம் பாரித்தாலும், கண்ணில் மங்கலோ இரட்டைப் பார்வையோ தோன்றினாலும், “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் கிளைகளில் சொன்னாலே ஒருவரின் கண் தப்பக்கூடும்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, அவரிடம் ஒரு கேள்வியை நாமும் கேட்கலாம்: உன் மூக்கில் குறை இருப்பதாக முதலில் சொன்னது யார்? பள்ளியில் கேலி செய்தவர்களா, பெண் பார்க்க வந்தவர்களா, நேர்காணலில் உட்கார்ந்திருந்தவரா, கைப்பேசியா? தீர்ப்பு சொல்வதற்காக இதைக் கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, விடையை இறுதிவரை செவிமடுத்துக் கேட்க வேண்டும். அந்த விடையில் சாதி இருக்கும், வேலையின்மை இருக்கும், வரதட்சணை இருக்கும். நாம் மேடைகளில் பேசுகிற அத்தனையும் ஒரு முகத்தின் நடுவே குவிந்திருக்கும். அங்கிருந்து தொடங்குகிற உரையாடல்தான் அவரை நமது மாதர் அமைப்புக்கும் தொழிற்சங்கத்துக்கும் கொண்டுவரும். சிரித்து அனுப்பிவிட்டால் அவர் கிளினிக்குக்குத்தான் போவார்.

தோழர்களே! மூக்கைப் பற்றிய பேச்சு சிறிய பேச்சல்ல என்பதை இத்தனை நேரம் பொறுமையுடன் கேட்டு நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள். உங்கள் கிளைக் கூட்டங்களில் இதை விவாதியுங்கள், இளந்தோழர்களைப் பேசவிடுங்கள், மருத்துவத் துறையில் உள்ள நம் நண்பர்களை அழைத்து விளக்கம் கேளுங்கள். இனி யாரேனும் இந்தக் கேள்வியோடு வந்தால், அவர் நம்மிடமே முதலில் வரட்டும். முழுமையான பதிலோடு திரும்பட்டும்.